ஃபோல்டர் பட்டியல் கைக்கு நிற்காமல் ஓடுகிறதா? ஃபைல் எக்ஸ்புளோரர் ஸ்க்ரோல் தொல்லைக்கு முழுமையான வழிகாட்டி

முன்னீர்பள்ளம் ஃபோல்டரைத் தேடி இறங்குகிறீர்கள். கண்ணில் பட்டதும் கிளிக் செய்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து இடதுபக்கப் பட்டியல் மொத்தமும் ஒரு துள்ளு துள்ளி வேறு இடத்தில் நிற்கிறது. இரண்டாவது கிளிக் எங்கோ விழுந்து நாங்குநேரி திறக்கிறது. எதிரே பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் பத்திர எழுத்தர் அலுவலகம், போட்டோ ஸ்டூடியோ, டிடிபி சென்டர் எங்கே போனாலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம்: "இது என்ன சோலி அண்ணாச்சி, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு வருது." சிலர் மவுஸை மாற்றுகிறார்கள். சிலர் கம்ப்யூட்டரையே ஃபார்மேட் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மேட் போட்டபின் அதே துள்ளல் திரும்ப வருகிறது, ஏனென்றால் பல நேரம் கோளாறு எதுவுமே இல்லை. விண்டோஸ் தனக்குச் சொன்னபடிதான் நடக்கிறது.

ஸ்க்ரோல் தொல்லை என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே கோளாறு அல்ல, ஐந்தாறு தனித்தனி விஷயங்கள். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. இணையத்தில் ஒருவர் சொன்னதைச் செய்துவிட்டு "ஒண்ணும் நடக்கல" என்று பலர் விட்டுவிடுவதன் காரணம் இதுதான். எது ஓடுகிறது, எப்போது ஓடுகிறது என்று முதலில் பிடித்துவிட்டால் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

முதலில் நோயைப் பிடியுங்கள்

ஃபைல் எக்ஸ்புளோரரை, அதாவது ஃபோல்டர்களைக் காட்டும் ஜன்னலை, திறந்து மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பட்டியல் தானாக நகர்கிறதா? நகர்ந்தால் கீபோர்டில் ஏதோ ஒரு கீ அழுந்தி நிற்கிறது, பெரும்பாலும் கீழ் அம்புக்குறி அல்லது பேஜ் டவுன். கீபோர்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்; நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது.

தானாக நகரவில்லை என்றால் பிரவுசரில் ஒரு நீளமான பக்கத்தைத் திறந்து வீலை மெதுவாகக் கீழே உருட்டுங்கள். அங்கேயும் நடுவில் மேலே எகிறினால் கோளாறு மவுஸில். பிரவுசரில் ஒழுங்காக ஓடி, ஃபைல் எக்ஸ்புளோரரில் மட்டும் துள்ளினால் கோளாறு செட்டிங்கில்.

செட்டிங் என்று தெரிந்தபின் ஒரே ஒரு கேள்வி பாக்கி. துள்ளுவது இடதுபக்க மரமா, வலதுபக்கப் பட்டியலா? இடதுபக்கம் டிரைவ், ஃபோல்டர் எல்லாம் கிளைகிளையாகத் தெரிகிறதே, அதை இங்கே மரம் என்று சொல்கிறேன். விண்டோஸ் அதை நேவிகேஷன் பேன் என்கிறது.

மரம் மேலும் கீழும் துள்ளுகிறது

அதிகம் பேரைப் படுத்துவது இது. ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். டி டிரைவில் வட்ட (தாலுகா) வாரியாக ஃபோல்டர்: திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை. ஒவ்வொன்றுக்குள்ளும் கிராமங்கள், கிராமத்துக்குள் ஆண்டு, ஆண்டுக்குள் கட்சிக்காரர் பெயர். வலதுபக்கம் இரட்டை கிளிக் செய்து பாளையங்கோட்டை, கீழநத்தம், 2023 என்று உள்ளே போகிறீர்கள். நீங்கள் எங்கே போகிறீர்களோ அங்கே இடதுபக்க மரமும் பின்னாலேயே வந்து கிளைகளைத் திறக்கிறது. பாளையங்கோட்டைக்குள் இருக்கும் கிராமங்கள் மொத்தமும் விரிந்ததும் கீழே இருந்த ராதாபுரம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அடுத்து அதைத் தொட நினைத்தால் மறுபடியும் தேட வேண்டும்.

இதைச் செய்வது 'எக்ஸ்பாண்ட் டு ஓபன் ஃபோல்டர்' என்ற ஒரு டிக். அதை எடுத்துவிட்டால் மரம் நீங்கள் விட்ட இடத்திலேயே அசையாமல் நிற்கும். வழி இது:

1. விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரின் மேல்பட்டையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு 'ஆப்ஷன்ஸ்' செல்லுங்கள். விண்டோஸ் 10 என்றால் 'வியூ' தாவலில் வலதுகோடியில் 'ஆப்ஷன்ஸ்' இருக்கும்.
2. திறக்கும் பெட்டியில் 'வியூ' தாவலுக்குப் போங்கள்.
3. 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பட்டியலில் கடைசி வரை இறங்குங்கள். 'நேவிகேஷன் பேன்' என்ற தலைப்பு வரும்.
4. அதன் கீழே 'எக்ஸ்பாண்ட் டு ஓபன் ஃபோல்டர்' டிக்கை எடுங்கள். 'ஷோ ஆல் ஃபோல்டர்ஸ்' டிக் இருந்தால் அதையும் எடுங்கள்.
5. 'அப்ளை', 'ஓகே'. திறந்திருக்கும் எக்ஸ்புளோரர் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்து பாருங்கள்.

மூன்று புள்ளியும் தாவலும் தேட முடியவில்லையா? விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, வரும் சிறு பெட்டியில் ஆங்கிலத்தில் கண்ட்ரோல் ஃபோல்டர்ஸ் என்று, நடுவில் ஓர் இடைவெளி விட்டு, தட்டி எண்டர் கொடுங்கள். அதே பெட்டி நேராகத் திறக்கும். இன்னும் சுருக்கமான வழி, மரத்தின் கீழே வெற்று இடத்தில் ரைட் கிளிக் செய்வது. அங்கே 'எக்ஸ்பாண்ட் டு கரண்ட் ஃபோல்டர்' என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. மரம் நீளமாக விரிந்து கிடந்தால் வெற்று இடமே கிடைக்காது. அப்போது மேலே சொன்ன முறைதான்.

'ஷோ ஆல் ஃபோல்டர்ஸ்' டிக்கையும் ஏன் எடுக்கச் சொன்னேன் என்றால், அது இருக்கும்போது ரீசைக்கிள் பின், கண்ட்ரோல் பேனல் எல்லாம் மரத்தில் வந்து உட்காரும். அதைவிட மோசம், ஒரே டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் இரண்டு மூன்று இடத்தில் தெரியும். எதைத் தொட்டோம், மரம் எதைக் காட்டுகிறது என்ற குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

டிக்கை எடுத்துவிட்டால் ஒன்றை இழக்கிறீர்கள்: நீங்கள் இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று மரம் காட்டாது. மேலே முகவரிப் பட்டை காட்டும்; பலருக்கு அது போதும். ஆழமான இரண்டு ஃபோல்டர்களுக்கு நடுவே நாள் முழுக்க ஃபைலை இழுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும் மரம் கூடவே வருவது உதவி. அப்படிப்பட்டவர்களும் டிக்கை எடுத்துவிட்டு, தேவைப்படும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், இ மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். அந்த ஒரு தடவை மட்டும் மரம் விரிந்து நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். என் பரிந்துரை இதுதான்: எப்போதும் தானாக விரியட்டும் என்று விடாதீர்கள், கேட்கும்போது விரியட்டும்.

மரத்தில் ஃபோல்டர் பெயரைத் தொடுவதும் அதற்கு முன்னால் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொடுவதும் வேறு வேறு. பெயரைத் தொட்டால் வலதுபக்கம் அந்த ஃபோல்டர் திறக்கும். அம்பைத் தொட்டால் கிளை மட்டும் விரியும், வலதுபக்கம் மாறாது. கிளையை விரிக்க அம்பையே தொடும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் துள்ளல் குறைந்துவிடும். விரிந்த கிளையை மூட, அந்த ஃபோல்டர் மேல் நின்று இடது அம்புக்குறியை அழுத்தினால் போதும்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினிகள் இன்னும் நம் பக்கம் பல வீடுகளில் ஓடுகின்றன. கடைகளிலும் பழைய விண்டோஸ் 7 கணினிகள் உண்டு. அந்த விண்டோஸ் 7இல் இந்தத் துள்ளல் கூடுதலாக ஒரு விதத்தில் இருக்கிறது. மரத்தில் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு ஃபோல்டரை விரித்தால், ஒரு கணம் கழித்து மொத்த மரமும் நகர்ந்து, நீங்கள் விரித்த ஃபோல்டர் பட்டியலின் அடிமட்டத்தில் போய் நிற்கும். உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களைப் பார்க்கத்தானே விரித்தீர்கள்? அவை திரைக்குக் கீழே மறைந்துவிடும். இரட்டை கிளிக் செய்கிறவர்களுக்கு இரண்டாவது கிளிக் வேறு ஃபோல்டர் மேல் விழும்.

'ஆர்கனைஸ்' மெனுவில் 'ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'ஜெனரல்' தாவலின் கீழே 'ஆட்டோமேட்டிக்கலி எக்ஸ்பாண்ட் டு கரண்ட் ஃபோல்டர்' டிக்கை எடுங்கள். சிலருக்கு அதிலேயே அடங்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருள் இந்தக் கோளாறுக்கென்றே ஒரு திருத்தம் வைத்திருந்தது. அதை எழுதியவர் 2017 டிசம்பரில் வேலையை நிறுத்திவிட்டார். மூல நிரலை வெளியிட்டுவிட்டதால் ஓப்பன் ஷெல் என்ற பெயரில் தொடர்கிறது. நிறுவும்போது எக்ஸ்புளோரருக்கான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும், ஸ்டார்ட் மெனுவை மாற்ற வேண்டியதில்லை.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது. அடுத்தவர் பட்டா, பத்திரம், ஆதார் நகல் வைத்திருக்கும் கணினி இன்னும் விண்டோஸ் 7இல் இருந்தால் ஸ்க்ரோலைச் சரிசெய்வதைவிட அதை இணையத்திலிருந்து கழற்றிவைப்பது முக்கியம்.

மரம் பக்கவாட்டில் நழுவுகிறது

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களைத்தான் இது அதிகம் படுத்துகிறது.

எக்ஸ்புளோரரின் மரத்துக்குக் கீழே இடம்வலமாக நகர்த்தும் பட்டை கிடையாது. விண்டோஸ் 7க்கு முந்தைய விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, மவுஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்து மரமே இடமும் வலமும் நழுவும்படி வைத்தார்கள். பெயர் நீளமாகவும் கிளை ஆழமாகவும் இருந்தால், சுட்டியை அருகில் கொண்டுபோனதும் மரம் இடதுபக்கம் ஒதுங்கி, மேல்நிலை ஃபோல்டர்களின் முதல் எழுத்துகள் மறைந்துவிடும். சுட்டியை எடுத்தால் திரும்ப வரும். இது செட்டிங் அல்ல, நிறுத்துவதற்கு டிக் எதுவும் கிடையாது.

ஆனால் நழுவ வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடலாம். மரத்துக்கும் பட்டியலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கோட்டில் சுட்டியை வைத்தால் இரட்டை அம்பு வரும். அதைப் பிடித்து வலதுபக்கம் இழுத்து மரத்துக்கு அகலம் கொடுங்கள். பெயர்கள் முழுதாகத் தெரிந்துவிட்டால் மரம் நழுவாது.

அகலம் கொடுத்தும் போதவில்லை என்றால் கோளாறு ஃபோல்டர் அடுக்கில் இருக்கிறது. "திருநெல்வேலி மாவட்டம்" என்ற ஃபோல்டருக்குள் "அம்பாசமுத்திரம் வட்டம்", அதற்குள் "கல்லிடைக்குறிச்சி கிராமம்", அதற்குள் ஆண்டு, அதற்குள் கட்சிக்காரர், அதற்குள் "வில்லங்கச் சான்று". ஒவ்வொரு படிக்கும் மரம் கொஞ்சம் உள்ளே தள்ளும். ஆறாவது படிக்கு வரும்போது பாதி அகலம் வெறும் இடைவெளிக்கே போய்விடும். மாவட்டம், வட்டம், கிராமம் என்ற சொற்களை ஒவ்வொரு பெயரிலும் ஒட்டவேண்டியதில்லை. ஆண்டையும் கட்சிக்காரர் பெயரையும் ஒரே ஃபோல்டர் பெயராக்கலாம். நான்கு படிக்கு மேல் போகாத அடுக்குதான் நல்ல அடுக்கு என்பது என் எண்ணம்.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் ஆரம்பித்த அலுவலகங்களில் சங்கரன்கோவில், செங்கோட்டை, ஆலங்குளம், கடையநல்லூர் எல்லாம் இன்னும் திருநெல்வேலி ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கின்றன. அவற்றை "தென்காசி" என்ற தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டாலே நெல்லை மரம் கணிசமாகக் குட்டையாகிவிடும். பழைய ஷார்ட்கட்டுகள் உடையும் என்பதால் ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள், கூட்ட நேரத்தில் வேண்டாம்.

ஆழமான அடுக்கில் தமிழ்ப்பெயர் வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸில் ஒரு ஃபைலின் முழுப்பாதை, அதாவது டிரைவில் தொடங்கி ஃபைல் பெயர் வரை, வழக்கமாக 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். திருநெல்வேலி என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது பன்னிரண்டு, ஏனென்றால் உயிர்மெய்யில் மெய்யும் அதன் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. புள்ளியும் ஓர் எண்ணிக்கை. ஆறு படி அடுக்கு சீக்கிரமே 260ஐத் தொட்டு, காப்பி ஆகாமல் நிற்கும்.

வீல் ஒரு பக்கம், ஓடுவது மறுபக்கம்

வலதுபக்கப் பட்டியலில் கிளிக் செய்துவிட்டு வீலை உருட்டுகிறீர்கள். இடதுபக்க மரம் ஓடுகிறது. விண்டோஸ் 10இல் வந்த ஒரு வசதி இது. சுட்டி எதன் மேல் நிற்கிறதோ அது நகரும், கிளிக் செய்த இடம் எது என்று பார்க்காது. விண்டோஸ் 7இல் பழகிய கைக்கு இது கோளாறு மாதிரித் தெரியும்.

'செட்டிங்ஸ்' திறந்து 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதில் 'மவுஸ்'. விண்டோஸ் 10இல் 'டிவைசஸ்', 'மவுஸ்'. அங்கே 'ஸ்க்ரோல் இன்ஆக்டிவ் விண்டோஸ் வென் ஹோவரிங் ஓவர் தெம்' என்பதை அணைத்தால் கடைசியாகக் கிளிக் செய்த பகுதிதான் நகரும். ஆனால் ஒரு ஜன்னலில் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றில் தட்டச்சு செய்கிறவர்கள் அணைக்க வேண்டாம். கிளிக் செய்யாமலே பக்கத்து ஜன்னலை நகர்த்துவது அவர்களுக்குப் பெரிய உதவி. சுட்டியைக் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளி வைக்கப் பழகிக்கொள்வது மேல்.

அதே பக்கத்தில் ஒரு உருட்டுக்கு எத்தனை வரி என்பதும் இருக்கும். விண்டோஸ் முதலில் வைப்பது 3. ஒரு உருட்டுக்கு முழுத்திரையே தாவினால், அங்கே 'ஒன் ஸ்க்ரீன் அட் எ டைம்' தேர்வாகியிருக்கும். 'மல்டிபிள் லைன்ஸ்' என்று மாற்றுங்கள். நீளமான பட்டியல் வைத்திருப்பவர்கள் 5 வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் கண் பின்தொடராது. மவுஸ் கம்பெனி தந்த தனி மென்பொருள் இருந்தால் அதன் கணக்கு விண்டோஸ் கணக்கை மீறிவிடும், அங்கேயும் பாருங்கள்.

வலதுகோடி ஸ்க்ரோல் பட்டையைப் பிடித்து இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இழுக்கும்போது சுட்டி பட்டையைவிட்டு வெகுதூரம் பக்கவாட்டில் விலகிவிட்டால் பட்டியல் 'படக்'கென்று கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். விண்டோஸில் இது வேண்டுமென்றே வைத்தது. சுட்டியைப் பட்டைக்கு அருகே திரும்பக் கொண்டுவந்தால், பொத்தானை விடாதவரை, பட்டியலும் திரும்ப வரும்.

வலதுபக்கப் பட்டியல் தானாக இடம் மாறுகிறது

ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்கேன் வந்து விழும்போதும் பட்டியல் ஒரு வரி கீழே இறங்குகிறது. கிளிக் செய்யப்போன ஃபைலுக்குப் பதில் பக்கத்து ஃபைல். காரணம், அந்த ஃபோல்டர் தேதிப்படி, புதியது மேலே என்று அடுக்கப்பட்டிருக்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இது இன்னும் அதிகம். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து டவுன்லோட்ஸ் 'இன்று', 'நேற்று', 'போன வாரம்' என்று தானாகவே குழுவாகப் பிரிகிறது.

வெற்று இடத்தில் ரைட் கிளிக் செய்து 'குரூப் பை' என்பதில் 'நன்' கொடுங்கள். பிறகு 'சார்ட் பை' என்பதில் 'நேம்', 'அசெண்டிங்'. ஸ்கேன் பெயர்களை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2025-06-14 என்பது போலத் தொடங்கினால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். புதிய ஃபைல் எப்போதும் கடைசியில் போய் நிற்கும், மேலே இருப்பவை அசையாது. நாள், மாதம், ஆண்டு என்று நம் வழக்கப்படி எழுதினால் இது வேலை செய்யாது. ஜூன் ஒன்றாம் தேதிக்குப் பக்கத்தில் ஜூலை ஒன்றாம் தேதி வந்து உட்காரும்.

ஸ்டூடியோக்காரர்களுக்கு வேறு சிக்கல். ஒரு கல்யாண வீட்டுப் படங்கள் மொத்தமும் ஒரே ஃபோல்டரில் இருக்கும். திறந்ததும் முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு மெதுவாக ஊர்கிறது. அது முடியும்வரை பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் அந்த ஃபோல்டரைப் படங்களுக்கானது என்று முடிவு செய்து, ஒவ்வொரு படத்துக்குள்ளும் போய் எடுத்த தேதி போன்ற விவரங்களைப் படித்துக்கொண்டிருப்பதால் வரும் தாமதம் அது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கஸ்டமைஸ்' தாவல், 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்பதில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்'. கீழே இருக்கும் 'ஆல்ஸோ அப்ளை திஸ் டெம்ப்ளேட் டு ஆல் சப்ஃபோல்டர்ஸ்' டிக்கையும் போட்டால் உள்ளே இருப்பவை அனைத்துக்கும் பொருந்தும். வருடத்துக்கு ஒரு தாய் ஃபோல்டர் வைத்து அதற்கு இதை ஒரு தடவை செய்துவிட்டால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் செய்யவேண்டியதில்லை.

வீலைக் கீழே உருட்டினால் பட்டியல் பக்கவாட்டில் போகிறதா? நீங்கள் 'லிஸ்ட்' காட்சியில் இருக்கிறீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 அழுத்தினால் 'டீடெயில்ஸ்' காட்சி வரும், மேலும் கீழுமாக ஓடும். இந்தக் காட்சியே எல்லா ஃபோல்டருக்கும் வேண்டும் என்றால், முன்பு பார்த்த 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்', 'வியூ' தாவலில் மேலே 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' இருக்கிறது. அது அதே வகை ஃபோல்டர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். படங்களுக்கான ஃபோல்டரில் அழுத்தினால் ஆவண ஃபோல்டர் மாறாது.

வீலை உருட்டும்போது ஐகான் பெரிதாகவும் சிறிதாகவும் மாறினால் கண்ட்ரோல் கீ அழுந்தியிருக்கிறது. டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்தும்போது அப்படி ஆனால் விரல்கள் விலகுவதை விண்டோஸ் 'பிஞ்ச்' என்று எடுத்துக்கொள்கிறது. 'செட்டிங்ஸ்', 'டச்பேட்', 'ஸ்க்ரோல் அண்ட் ஜூம்' போய் 'பிஞ்ச் டு ஜூம்' டிக்கை எடுத்துவிடுங்கள். திசை தலைகீழாக இருந்தால் 'ஸ்க்ரோலிங் டைரக்‌ஷன்' அங்கேயே இருக்கிறது.

மவுஸே கோளாறு என்றால்

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் எப்படி அடிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காற்றாலைக்கு நல்லது, மவுஸுக்கு ஆகாது. மவுஸ் வீலுக்குள் சுழற்சியை எண்ணும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. மலிவு மவுஸ்களில் பெரும்பாலும் உலோகத் தொடுப்பால் வேலை செய்வது. தூசி ஏறினாலோ தேய்ந்தாலோ கீழே உருட்டும்போது நடுவில் ஒன்றிரண்டு தடவை மேலே என்று தவறாகச் சொல்லிவிடும். பட்டியல் இறங்கி ஏறி இறங்கும்.

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, வீலின் இரு ஓரத்திலும் ப்ளோயரால் நன்றாக ஊதுங்கள். வீலை வேகமாக இரு பக்கமும் பலமுறை உருட்டுங்கள். மறுபடி ஊதுங்கள். பாதி மவுஸ்கள் இதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் ஒரு துளி அந்தக் கருவிக்குள் விட்டு உருட்டி, முழுக்க உலர்ந்தபின் பூட்டுங்கள். அதற்கு மவுஸின் அடிப்பக்கத் திருகைக் கழற்ற வேண்டும். வயர்லெஸ் என்றால் இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியை மாற்றிப் பார்த்துவிடுங்கள். தேய்ந்துபோன கருவி என்றால் சுத்தம் செய்தாலும் சில வாரத்தில் திரும்ப வரும், அப்போது புது மவுஸ்தான்.

ஸ்க்ரோலே இல்லாமல் போய்ச் சேர

இதுவரை சொன்னது துள்ளலை அடக்க. தினமும் போகிற ஃபோல்டருக்கு ஸ்க்ரோலே தேவையில்லை. அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'பின் டு குவிக் ஆக்சஸ்' கொடுத்தால் மரத்தின் உச்சியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். நடப்பு ஆண்டு ஃபோல்டர், ஸ்கேன் ஃபோல்டர், கையெழுத்துக்குக் காத்திருப்பவை, இந்த மூன்று நான்கு போதும். இருபதைப் பின் செய்தால் பின் செய்ததைத் தேடவே ஸ்க்ரோல் செய்ய வேண்டிவரும்.

விண்டோஸ் 11இல் வரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். 'வியூ' மெனுவில் 'காம்பாக்ட் வியூ' போட்டுவிடுங்கள். ஒரே திரையில் கூடுதல் ஃபைல் தெரியும்.

அப்புறம், கீபோர்டு. பட்டியலில் ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு ஃபைல் பெயரின் முதல் எழுத்துகளை வேகமாகத் தட்டினால் நேரே அங்கே தாவும். தமிழ்ப்பெயர் என்றால் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றித் தட்ட வேண்டும். ஆங்கிலத்தில் விட்டுவிட்டுத் தட்டினால் வேறு எங்காவது போய் நிற்கும், சிலர் இதையும் ஸ்க்ரோல் கோளாறு என்றே நினைக்கிறார்கள். இதற்கு நல்ல வழி, பெயருக்கு முன்னால் எண் போடுவது: 01 திருநெல்வேலி, 02 பாளையங்கோட்டை, 03 மானூர். எண் எந்தக் கீபோர்டிலும் ஒன்றுதான். 02 என்று தட்டினால் பாளையங்கோட்டை. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்பதால் பட்டியலை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

தட்டும்போது தாவாமல் எழுத்துகள் எல்லாம் தேடல் பெட்டிக்குள் போய் விழுந்தால், 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்', 'வியூ' தாவலில் 'வென் டைப்பிங் இன்டு லிஸ்ட் வியூ' என்ற தலைப்பின் கீழே 'செலக்ட் தி டைப்டு ஐட்டம் இன் தி வியூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் செய்தும் மரம் பழையபடியே துள்ளினால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். திரை ஒரு கணம் வெறுமையாகி டாஸ்க்பார் திரும்ப வரும். திறந்து வைத்த வேர்டு, பிரவுசர் எதுவும் மூடாது. ஏதாவது காப்பி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அது முடிந்தபின் செய்யுங்கள்.